இடது பக்கம் நான்கு மில்லிமீட்டர்

அப்பாவும் பெரியவளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. தண்ணீர் வால்வை மூடிவிட்டு அவள் ஸ்பேனரைப் பிடித்தாள். அவர் டார்ச் பிடித்தார். குழாயின் தலையைக் கழற்றியதும் பழைய ரப்பர் துண்டு துண்டாக வந்தது.

"வெளிச்சத்தைக் குழாய்க்குக் காட்டுங்கப்பா. என் மூஞ்சிக்கு இல்ல."

"உன் மூஞ்சியைப் பார்த்து நாளாச்சு. அதான்."

"வாராவாரம் வந்துட்டுதானே இருக்கேன்."

"வர்ற. மூஞ்சியை மட்டும் உன் வீட்டுல வெச்சிட்டு வர்ற."

அவள் புது வாஷரை வைத்துப் பார்த்தாள். கடையில் வாங்கிய வாஷர் அரை மில்லி பெரியது. அவர் அதை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். பல்செட் இழைக்கிற சின்ன மோட்டார் இரண்டு முறை உறுமியது. திரும்பி வந்து, குழாய்க்குள் அவரே வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மா குழாயை ஒரு தரம் திறந்து மூடிப் பார்த்தாள். "ஒரு குழாய், ரெண்டு பேரு, முக்கால் மணி நேரம். பலே" என்றாள்.

பின்னறைக் கதவு திறந்தேதான் இருந்தது. மேசைமேல் அவர் கட்டுகிற மாதிரிப் படகு இருந்தது, ஒரு பழைய போர்வைத் துணிக்கு அடியில். அவர் துணியை எடுக்கவில்லை. அவள் எடுக்கச் சொல்லவில்லை. ஏழு மாதமாக அவள் அந்தப் படகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள், கிளம்பினாள்.

புதன்கிழமை காலை அவர் வெளியே போகிற சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்புப் போட வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா பால் பாத்திரத்தை இறக்கிவிட்டு வந்து பார்க்கும்போது ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது. இன்னொரு செருப்பு கையில் இருந்தது. அவ்வளவுதான்.

எங்கே கிளம்பினார் என்று யாருக்கும் தெரியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அம்மா அதையேதான் சொன்னாள். "சட்டை மாத்தினாரு. தலை சீவினாரு. எங்கன்னு கேட்டேன். வந்து சொல்றேன்னாரு."

அவர் பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல்செட் கட்டித் தருகிறவர். வீட்டுப் பின்னறையில் நாற்பத்தோரு வருஷம் அந்த வேலை. பிளாஸ்டர் தூசி, உருகிய மெழுகின் வாசனை, ஜன்னல் ஓரமாக வரிசையாக வாய் பிளந்து நிற்கும் அச்சுகள். சின்ன வயதில் பெரியவளின் தோழிகள் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போவார்கள். தெருவில் அவருக்குப் பெயர் 'பல்லுக்காரர்'.

அவரோடு கடைத்தெருவுக்குப் போவது ஒரு தண்டனை. எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். "அந்த வழுக்கைத் தலை மேல்வரிசை நம்மது" என்று முழங்கையால் இடிப்பார். ஒருநாள் பஸ்ஸில் எதிர் இருக்கையில் ஒரு வயதான அம்மாள் எதற்கோ சிரித்தாள். அவருக்கு முகம் சுண்டிப்போனது. இறங்கும்வரை பேசவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

"எவனோ செஞ்சிருக்கான். அந்த ஈறு நிறத்தைப் பார்த்தியா? ரத்தம் ஓடுற மாதிரி இருக்கு. எனக்கு அந்த நிறம் வரவே மாட்டேங்குது."

பொறாமைக்காரர். அதை மறைக்கத் தெரியாதவர். மட்டமான வேலையைப் பார்த்தால் வாயாரப் புகழ்வார். அதில் அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. நல்ல வேலையைப் பார்த்தால் ஊமையாகிவிடுவார். கல்யாணமான ஒரே மாதத்தில் அம்மா இதைப் பிடித்துவிட்டாள். "இவரு என் சமையலைப் புகழ்ந்தா நான் உடனே உப்பைப் பார்த்துடுவேன்" என்பாள். பிள்ளைகள் இரண்டு பேரும் இதைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவர்கள். பெரியவள் தொழிற்சாலையில் பாகங்களை அளந்து சரிபார்க்கும் பிரிவுக்கு வேலைக்குப் போனாள். சின்னவள் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள்.

படகும் பொறாமையில்தான் ஆரம்பித்தது. வேலையை நிறுத்திய அடுத்த வருஷம் நெஞ்சுவலி என்று ஒரு டாக்டரிடம் போனார். காத்திருக்கும் அறையில், மீன்தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு மரப்படகு. டாக்டரே ஓய்வு நேரத்தில் கட்டியதாம். இவர் எண்ணைக் கூப்பிட்டார்கள்; காதில் விழவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது பெரியவள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

"பிரஷர் ஏன் இவ்வளவு ஏறியிருக்குன்னு கேக்கறாரு" என்றார், திரும்பி வரும்போது. "உங்க படகுதான் காரணம்னு அவருகிட்டயே எப்படிச் சொல்றது?"

பஸ் ஏறிய பிறகு, "பலகை பலகையா கட்டியிருக்கான்" என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை. வீட்டுக்கு வந்ததும் பின்னறை மேசையைத் துடைத்தார்.

எந்தப் படகைக் கட்டுவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. படகுத்துறையில் எல்லாப் படகுக்கும் பெயிண்ட் உண்டு. ஆனால் நின்று பார்க்க வைக்கிற படகு ஒன்றுதான். ஒன்பது மீட்டர் இருபது சென்டிமீட்டர் நீளம். முன்பக்கம் இரண்டு கண்கள், அதற்குப் பின்னால் கொடியும் பூவும், அதற்குக் கீழே ஒன்றன் வாலை ஒன்று கவ்விய மீன் வரிசை, விளிம்பில் மஞ்சளும் சிவப்புமாக வைரக்கட்டம். அதன் சொந்தக்காரி ஒரு அம்மாள். துறையில் எல்லாரும் அவளைப் படகுக்காரம்மா என்பார்கள். அவளுடைய மேல்வரிசை இவர் செய்தது. அந்த உரிமையில் போய்க் கேட்டார்.

"அளந்துக்கோங்க. எடுத்துட்டுப் போயிடாதீங்க" என்றாள் அவள்.

பெயிண்ட் அடிக்கக் கரையேற்றியிருந்தார்கள். இடது பக்கம் கொட்டகைச் சுவரை ஒட்டி நின்றது. ஒரு கை நுழையத்தான் இடம். பெரியவள் வலது பக்கத்தை அளந்தாள். விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலிலிருந்து பலகை எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று விலா எலும்பு மாதிரி நிற்கும் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஏழு இடத்தில். பதினோரு சட்டம். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். சந்தேகத்துக்கு மேலே ஏறி, விளிம்புக்கு விளிம்பு குறுக்கே நாடாவைப் போட்டும் பார்த்தாள். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், சரியாக இருந்தது. அப்புறம் என்ன? வலதைத் திருப்பிப் போட்டால் இடது. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

இருபதில் ஒரு பங்கு அளவில் மை போட்டு வரைந்தாள். ஐந்து வாரம் ஆனது. மேலிருந்து, பக்கவாட்டில், முன்னாலிருந்து என மூன்று பார்வை. ஒவ்வொரு பலகையும் தனிக் கோடு. மீன்களின் செதில்கூட விடவில்லை. கொண்டுவந்து மேசையில் விரித்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ம்" என்றார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். ஐந்து வாரத்துக்கு ஒரு 'ம்'.

ஆனாலும் அடுத்து வந்த நான்கு மாதம் நல்ல மாதங்கள். படத்தை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார். பழைய அலமாரியின் முதுகுப் பலகையை அறுத்து, தீக்குச்சிக் கனத்துக்கு இழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சட்டங்களை வெட்டுவாள். அவர் மோட்டாரில் தேய்ப்பார். பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைப்பார்கள். "பெரிசு, நூலைப் பிடி." "பெரிசு, மூச்சு விடாதே, மெழுகு காயட்டும்." அம்மா வாசற்படியில் நின்று, "எனக்கும் இந்த மேசைக்கும் நடுவுல யாரை முதல்ல கட்டினாருன்னே தெரியல" என்பாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது சுவரில் படம் இல்லை. இடது பக்கச் சட்டங்கள் எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் கிடந்தன.

"என்னாச்சுப்பா?"

"ஈரம். கோணிடுச்சு. மறுபடி செய்யணும்."

"படம் எங்க?"

"தூசி படியுது. சுருட்டி வெச்சிருக்கேன்."

தாடையைத் தடவினார். பொய் சொன்னால் அவர் கை அங்கேதான் போகும்.

அம்மாவிடம் ரகசியம் நிற்காது. அன்று மதியமே சொல்லிவிட்டாள். "மாப்பிள்ளை வந்து போறாருல்ல, வியாழக்கிழமையானா ரெண்டு பேரும் லாரியில படகுத்துறைக்குப் போயிடறாங்க. உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

பெரியவளுக்குத் தெரியாது.

சின்னவளின் புருஷன் ஆறடி. விரல் ஒவ்வொன்றும் ஸ்க்ரூடிரைவர் பிடி கனம். உப்புத்தாளைக்கூட ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடிப்பார். அந்தக் கையை அப்பா தன் மேசையில் விட்டிருக்கிறார். அடுத்த முறை எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் கட்டைவிரலில் ஒரு கட்டு.

"மாப்பிள்ளை கை மாதிரி ஒரு கை நான் பார்த்ததில்ல" என்றார் அப்பா, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி. "அஞ்சாவது சட்டத்தை என்னமா செதுக்கியிருக்காரு."

"மாமா சும்மா சொல்றாரு, அண்ணி." அவர் காது சிவந்திருந்தது.

"எந்த அளவுக்குச் செதுக்கினீங்க, தம்பி?"

"கண்ணளவுதான் அண்ணி."

"எங்க ஃபேக்டரியில கண்ணளவுன்னு சொன்னா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"அக்கா பக்கத்துல ஏதோ தீயிற வாசனை வருது" என்றாள் சின்னவள்.

"வயித்தெரிச்சலா இருக்கும்" என்றாள் பெரியவள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் பின்னறைக்குள் போகவில்லை. வந்தாள், அம்மாவோடு உட்கார்ந்தாள், போனாள். துணி மூடிய உருவம் வாரத்துக்கு வாரம் உயர்ந்ததைக் கதவு வழியாகப் பார்த்தாள். தொழிற்சாலையில் வியாழக்கிழமை மதியங்களில் கடிகாரத்தைப் பார்ப்பாள்: இப்போது லாரி கிளம்பியிருக்கும். இப்போது அவர் 'மாப்பிள்ளை' என்று ஏதோ சொல்லியிருப்பார். ஒரு வியாழக்கிழமை நல்ல பாகங்கள் பதினாறைத் தவறு என்று ஒதுக்கிவிட்டு, மறுநாள் மறுபடி அளந்து பார்த்துத் திரும்ப அனுப்பினாள். எத்தனை வியாழக்கிழமை என்று எண்ணியும் வைத்திருந்தாள். இருபத்தெட்டு. அப்பாவைக் கேட்டிருக்கலாம். அவர் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் குழாயைத்தான் ரிப்பேர் செய்தார்கள்.

அவர் போய்ப் பத்து நாள் கழித்து அவள் துணியை எடுத்தாள்.

வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள், முன்னறையில். மதிய வெயில் ஜன்னல் வழியாக மேசைமேல் விழுந்தது. சுவரில் பழைய படம் ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அதற்கு மேல் விளிம்பில் இரண்டு புது ஆணி. எதற்கென்று புரியவில்லை.

படகின் வலது பக்கம் அவளைப் பார்த்து நின்றது. அவளுக்கு முகம் சுண்டியது. கொடி, பூ, செதில் செதிலாக மீன். பல்லுக்குச் சாயம் கொடுக்கிற ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைந்திருக்கிறார். கண்ணைப் பல்லுக்குப் பயன்படும் அதே பொருளில் வார்த்து, கருவிழியைச் சுற்றி லேசாக மஞ்சள் காட்டியிருக்கிறார், வயதான பல்லின் ஓரம் போல. நிஜப் படகைவிட இது விழித்திருந்தது. ஒவ்வொரு கோடும் அவள் படத்தில் இருந்த கோடு. வெர்னியர் அளவியை எடுத்து அளந்தாள். பத்தில் ஒரு மில்லிகூடப் பிசகவில்லை.

படகைத் திருப்பினாள்.

இடது பக்கம் மொட்டையாக இருந்தது. விளிம்புக்குக் கீழே இரண்டு பட்டை, அவ்வளவுதான்; மீனும் இல்லை, பூவும் இல்லை. வரைய நேரம் கிடைக்கவில்லை என்று நினைத்தாள். ஆனால் வயிறு? பலகை வெளியே புடைத்திருந்தது. அளந்தாள். ஐந்தாவது சட்டத்தில் நான்கு மில்லி அதிகம். ஆறாவதில் நான்கு. நாலாவதில் மூன்றரை.

அழுகை வருவதற்கு முன்னால் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. உண்மையைச் சொன்னால் அப்படித்தான். கண்ணளவு. ஐந்தாவது சட்டத்தை என்னமா செதுக்கியிருக்கிறார் மாப்பிள்ளை. இந்த நான்கு மில்லியை வைத்து அந்த மனிதரை ஆயுசுக்கும் ஒரு கேள்வி கேட்கலாம். அப்பாவின் படகை ஒரு லாரிக்காரர் கோணலாக்கிவிட்டார். அவள் சரி செய்வாள். இடது பக்கப் பலகைகளைக் கழற்றி, தன் அளவுப்படி, வலதைத் திருப்பிப் போட்டு. அதுதான் அப்பாவும் அவளும் ஆரம்பித்த படகு.

மேசை இழுப்பறையில் மெல்லிய கத்தி இருந்தது. பசையை இளக்க விளக்கைப் பற்றவைத்துக் கத்தி நுனியைச் சுட்டாள். முதல் பலகையின் ஓரத்தில் வைத்தாள். மெழுகுவாசனை வந்தது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

வாசலில் அவர்தான். அம்மாவுக்கு மளிகை கொண்டுவந்திருந்தார். பை இன்னும் கையில் இருந்தது.

"உங்க கண்ணளவைத் திருத்தறேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். இரண்டு எட்டில் வந்து, அந்தப் பெரிய கையைப் படகின் மேல் கவிழ்த்துப் பிடித்தார். கத்தி அவர் புறங்கையில் பட்டிருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை.

"இது கழட்டக் கூடாது அண்ணி."

"நாலு மில்லி தப்பு. உங்களுக்கு நாலு மில்லின்னா என்னன்னு தெரியுமா தம்பி? நிஜப் படகுல எட்டு சென்டிமீட்டர். அப்பா எப்படி இதை விட்டாரு? உங்களைச் சொல்ல மனசு வரலையா?"

"தப்பு இல்ல அண்ணி."

"நான் அளந்தேன்."

"நீங்க வலது பக்கத்தை அளந்தீங்க."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மாமா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு" என்றார் அவர். தர்மசங்கடமாக நெளிந்தார். "சொல்லல. வாங்க, காட்டறேன். காட்டக் கூடாதுன்னு அவரு சொல்லல."

லாரியின் முன் இருக்கை உயரம். ஏறும்போது ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது, அப்பா எந்தக் கம்பியைப் பிடித்து ஏறியிருப்பார் என்று. கேட்கவில்லை. அவள் மடியில் நாடாவும் தூக்குக்குண்டும்.

படகைக் கரையேற்றியிருந்தார்கள், இந்த முறை கொட்டகைக்கு வெளியே. இரண்டு பக்கமும் நடக்க இடம் இருந்தது. வலது பக்கம் மீன்கள் வாலைக் கவ்விக்கொண்டு போயின. அவள் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனாள்.

அங்கே மீன் இல்லை. இரண்டு பட்டை மட்டும். பட்டைக்குக் கீழே மரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள். அதே முறை, அதே ஐந்தாவது சட்டம். வலது பக்கம் நடுக்கோட்டிலிருந்து ஆயிரத்து இருநூற்று நாற்பது. இடது பக்கம் ஆயிரத்து முந்நூற்று இருபது. நூலை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். ஆயிரத்து முந்நூற்று இருபது. எண்பது மில்லி. இருபதால் வகுத்தால் நான்கு.

"உங்க வீட்டு ஆளுங்களுக்கு எத்தனை தடவை அளந்தாலும் திருப்தி வராதா?" படகுக்காரம்மா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். "வலையை இந்தப் பக்கமாத்தான் இழுக்கறது. ஆறு ஆளும் இங்கதான் நிப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா மீனோட சேர்ந்து ஆளும் கடலுக்குள்ள போயிடுவான். அதனால இந்தப் பக்கம் வயித்தைக் கொஞ்சம் பெருசா வெச்சுக் கட்டுவாங்க. மேல விளிம்பு சமமாத்தான் இருக்கும், பார்த்தா தெரியாது. வலை உரசுற பக்கம் எதுக்கு மீனு, பூவு? ரெண்டே வாரத்துல உதிர்ந்துடும்."

"அப்பாவுக்கு நீங்க சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? அவரு வந்து என் படகுக்கு முன்னால நின்னாரு. ரொம்ப நேரம் மூக்குக்கு நேரா நின்னு பார்த்தாரு. அப்புறம் சொல்றாரு, 'அம்மா, உங்க படகு இடது பக்கமா மெல்லுது'ன்னு." அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். மேல்வரிசை ஆடாமல் நின்றது. "அப்புறம் என்னைப் பார்த்து, 'நீங்களும்தான்'னாரு."

எந்த வாயும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது என்பது அப்பாவின் தொழிலில் அரிச்சுவடி. பாதி அச்சை எடுத்து மீதியைத் திருப்பிப் போட்டால் பல்செட் கடிக்காது. அவருக்குத் தெரியும். வரைந்து முடித்து, சட்டம் எல்லாம் நிறுத்தி, நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கிறது.

திரும்பும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள். "அவரு வாங்கின சத்தியத்துல இனிமே என்ன மிச்சம் இருக்கு? சொல்லுங்க தம்பி."

அவர் கியரை மாற்றினார். "'அவ நாள் முழுக்க மத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கிறவ. அவ தப்பை நான் கண்டுபிடிச்சேன்னு தெரிஞ்சா மேசைக்கே வரமாட்டா'ன்னாரு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து இடது பக்கத்தை அளந்து முடிச்சிடலாம், படகு முடிஞ்சப்புறம் நானே அவளுக்குச் சொல்லிக்கறேன்னாரு. நீங்க அதுக்கு முன்னாலயே வரதை நிறுத்திட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு அவருக்குத் தெரியல."

"என் படத்தை என்ன பண்ணாரு? அழிச்சுத் திருத்தினாரா?"

"ஒரு பென்சில் புள்ளிகூட வெக்கல அண்ணி. இடது பக்க அளவெல்லாம் காலண்டர் தாளுக்குப் பின்னாலதான் எழுதினோம். ஒரு தடவை படத்துலயே குறிச்சுக்கலாம் மாமான்னு நான் பென்சிலை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டாரு." அவர் சாலையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். "அந்தப் படத்தைப் பத்திப் பேச்சு வந்தாலே அவருக்கு எரிச்சல் வரும். 'இவ கையில வர்ற கோடு என் கையில ஏன் வரல? வந்திருந்தா நான் எதுக்கு ஊரான் வாய்க்குப் பல்லு கட்டிட்டு உக்காந்திருக்கேன்'ன்னு. பெத்த பொண்ணு மேல பொறாமைப்படற அப்பாவை நான் பார்த்ததே இல்ல அண்ணி. நான் கூட வருத்தப்பட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பெட்ரோல் பங்க் போனது. ஒரு பள்ளிக்கூடம். ஒரு டயர் கடை.

"என்னை மட்டும் அவரு ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்ல" என்றார் அவர், கொஞ்சம் கழித்து. குரலில் ஒரு பெருமை இருந்தது. அதை அடக்கப் பார்த்தார். "நான் என்ன செஞ்சாலும், பிரமாதம் மாப்பிள்ளைன்னுதான் சொல்வாரு. நான் போனப்புறம் அதையே மறுபடி கொஞ்சம் தேய்ப்பாரு போல. ஆனா என் முன்னால ஒரு வார்த்தை சொன்னதில்ல."

பெரியவள் அந்த ஆளின் கைகளைப் பார்த்தாள். ஸ்டியரிங் மேல் இருந்தன. புறங்கையில் கத்தி பட்ட இடம் சிவந்திருந்தது. அம்மா சொல்லும் அந்தப் பழைய உப்பு வேடிக்கையைச் சின்னவள் இவரிடம் சொல்லியே இருக்க மாட்டாள்.

"நல்ல கை, தம்பி உங்களுக்கு" என்றாள். "பிரமாதமான கை."

அவர் காது சிவந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. அம்மா இரண்டு பேருக்கும் டீ கொடுத்துவிட்டு, அப்பாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "அன்னைக்குச் சட்டைப் பையில இருந்ததெல்லாம் இதுக்குள்ள போட்டு வெச்சேன். தூக்கிப்போடலாமா வேண்டாமா, பார்த்துச் சொல்லு. எனக்கு எழுத்து தெரிய மாட்டேங்குது."

பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. ஒரு பஸ் டிக்கெட். நாலாக மடித்த ஒரு ரசீது. அவள் பிரித்தாள். கடைவீதி மூலையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. எழுத்து கடைக்காரருடையது: வரைபடம் ஒன்று, பெரிய அளவு. கண்ணாடி. கறுப்புச் சட்டம். ஓரம் வெட்டக் கூடாது. அதற்குக் கீழே, புதன்கிழமை தயார்.

ஓரம் வெட்டக் கூடாது என்பதற்கு அடியில் அப்பா பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார். பலமாக. தாள் கிழிந்திருந்தது. படத்தில் அவள் தன் பெயரை எழுதியிருந்தது அந்த ஓரத்தில்தான்.

அம்மா டீ தம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "இதுக்குத்தான் கிளம்பினாரா மனுஷன்? ரெண்டு நாளா சுவத்துல ஆணி அடிச்சிட்டு இருந்தாரு. எதுக்குன்னு கேட்டா, பொறு பொறுன்னாரு."

மாப்பிள்ளை சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "லாரி வெளியதானே நிக்குது. பத்து நிமிஷத்துல நான் போய் வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி."

"வேண்டாம்."

"பெரிய கண்ணாடி அண்ணி. பஸ்ஸுல கொண்டுவர முடியாது."

"தெரியும். உக்காருங்க தம்பி. டீ ஆறுது."

ரசீதை இருந்த மடிப்பிலேயே மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். இருபத்தெட்டு வியாழக்கிழமை இவருக்குப் போயிற்று. இந்த ஒரு புதன்கிழமை அவளுடையது. அதை அவள் யாருக்கும் தருவதாக இல்லை. பின்னறையில் படகு துணி இல்லாமல் நின்றது, இடது வயிறு புடைத்தபடி. அதற்கு மேலே சுவரில் இரண்டு ஆணி. கடைவீதி மூலையில், வேறு யார் யாருடைய படங்களுக்கோ நடுவில், கறுப்புச் சட்டத்துக்குள், நான்கு மில்லி தப்போடு, அவள் படம் அப்பா வந்து வாங்கிப்போகட்டும் என்று சாய்ந்து நின்றது.